வலி ஓரிடம், வைராக்கியம் வேறிடம்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. அதை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் நூல் எரிப்பும் கடையடைப்பும் நடந்தது 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அந்த நாவல் கடைகளில் கிடைத்தது, படிக்கப்பட்டது, விமர்சிக்கப்பட்டது, ஆங்கிலத்திலும் வந்தது. ஊர் கொந்தளிக்கவில்லை. பிறகு சில வாரங்களுக்குள், நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் எழுத்தாளரிடம் மன்னிப்பு எழுதி வாங்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்து அவரை மறுபடி எழுதச் சொன்னது.

யார் தூண்டினார்கள், எந்தப் பக்கங்களை நகலெடுத்துப் பரப்பினார்கள் என்றெல்லாம் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அது தேவையான விசாரணைதான். ஆனால் தூண்டுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் கொளுத்திப் போடுவது சில காலங்களில் நமுத்துப் போகிறது, சில காலங்களில் பற்றிக்கொள்கிறது. பற்றிக்கொள்ளும் காலத்தில் சாதாரண மனிதருக்குள் என்ன நடக்கிறது? கடன், மழை, மகனின் கல்யாணம் என்று தன் பாட்டுக்கு இருந்தவர், படிக்காத ஒரு நாவலுக்காகவோ பார்க்காத ஓர் ஊர் மசூதிக்காகவோ தெருவுக்கு வருவது எப்படி? இந்தக் கேள்விக்குக் கொங்கு நாடு அளவுக்குப் பாடம் தரக்கூடிய நிலப்பகுதி தமிழகத்தில் வேறில்லை என்பது என் எண்ணம். உழைப்பாலும் தொழிலாலும் இவ்வளவு முன்னேறிய மண், தமிழகத்தின் மிகக் கொடிய மதக் கலவரத்தையும் குண்டுவெடிப்பையும், மனம் நடுங்கவைத்த சாதிக் கொலைகளையும் பார்த்திருக்கிறது. வறுமையும் அறியாமையும்தான் வெறியை வளர்க்கின்றன என்ற எளிய விளக்கம் இங்கே நிற்காது.

2001இல் இயன் மெக்ரெகரும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர்கள் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், தாங்கள் முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் சொந்தச் சிக்கல் ஒன்றைப் பற்றி, இப்படிச் செய்தால் என்ன ஆகும், அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதச் சொன்னார்கள். மற்றப் பிரிவினர் நண்பர் ஒருவரின் சிக்கலைப் பற்றி எழுதினார்கள். பிறகு எல்லோரிடமும் மரண தண்டனை, கருக்கலைப்பு போன்ற பொது விஷயங்களில் கருத்துக் கேட்கப்பட்டது. சொந்தக் குழப்பத்தைக் கிளறிக்கொண்டவர்கள், அந்தக் குழப்பத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இந்த விஷயங்களில் கூடுதல் இறுக்கத்தோடு பேசினார்கள். ஒரு விஷயத்தில் தடுமாறும் மனம் இன்னொரு விஷயத்தில் அசையாத உறுதியைத் தேடிப் பிடித்து, அதன் மேல் ஏறி நின்றுகொள்கிறது.

வேறு விஷயத்தில் என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேலை போனவர் வேலையைப் பற்றித்தான் கத்துவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி நடப்பதில்லை. வலி ஓரிடத்தில் இருக்கிறது, வைராக்கியம் வேறோர் இடத்தில் முளைக்கிறது. அதனால்தான் வெளியே இருந்து பார்ப்பவருக்கு அந்த வைராக்கியம் காரணமற்றதாக, பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. உள்ளே இருப்பவருக்கோ அது முதுகெலும்பு.

இதே குழுவினரின் தொடர் ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. வெளியே தன்மதிப்பு மிகுந்தவராகக் காட்சி தருபவரே இப்படி அதிகம் இறுகுகிறார், குறிப்பாக உள்ளுக்குள் அந்த மதிப்பு ஆட்டம் கண்டிருக்கும்போது. அமெரிக்காவில் டேவிட் கால், டெரெக் ரக்கர் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. தன் நம்பிக்கையில் லேசாகச் சந்தேகம் ஊட்டப்பட்டவர்கள், பிறரை அந்த நம்பிக்கைக்கு மாற்றக் கூடுதலாக முயன்றார்கள், நீளமாக எழுதினார்கள். உரத்த குரலை நாம் உறுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். பல சமயம் அது உறுதி குறைந்துபோனதன் அடையாளம்.

மைக்கேல் ஹாக் என்ற சமூக உளவியலாளர் இதைக் குழுவோடு இணைத்தார். தான் யார், தன் இடம் எது என்று தெரியாமல் தத்தளிக்கும் மனிதருக்கு எல்லாக் குழுக்களும் ஒரே மாதிரி ஈர்ப்பாக இருப்பதில்லை. எல்லை துல்லியமாக வகுக்கப்பட்ட, ஒரே குரலில் பேசுகிற, ஐயத்துக்கு இடமே தராத, எதிரி யார் என்று சுட்டிக்காட்டுகிற குழுவே அவருக்கு ஆறுதல் தருகிறது. மிதமான குழு கேள்வியைத் திருப்பித் தருகிறது. தீவிரக் குழு பதிலைத் தருகிறது.

இந்த ஆய்வுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வகத்தில் மாணவரை அரை மணி நேரம் குழப்பிவிட்டு அளந்தது, பத்தாண்டு மெல்ல மெல்ல நொறுங்கிய வாழ்க்கைக்கு ஈடாகாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கோட்பாடு, தன் மரணத்தை நினைவூட்டினால் மனிதர் தன் பண்பாட்டை மேலும் இறுகப் பற்றுவார் என்றது. இதற்கு ஆதரவாக 1980களின் இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கான சோதனைகள் குவிந்தன. அண்மையில் பல அமெரிக்க ஆய்வகங்கள் சேர்ந்து அதன் முக்கியச் சோதனை ஒன்றைத் திரும்பச் செய்தபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே ஆய்வகம் சுட்டும் திசையை எடுத்துக்கொண்டு, களத்தில்தான் நடந்து பார்க்க வேண்டும்.

தமிழர் வரலாற்றிலேயே அப்படி ஒரு களம் உண்டு. 2009இல் போர் முடிந்தபின் இலங்கை அரசின் மறுவாழ்வு மையங்களில் வைக்கப்பட்டிருந்த முன்னாள் புலிப் போராளிகளிடம் ஆரி குருக்லான்ஸ்கி, டேவிட் வெபர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் கேள்வித்தாள்களைக் கொண்டுசென்றார்கள். அவமதிக்கப்பட்டேன், ஒன்றுமில்லாதவனாக ஆக்கப்பட்டேன் என்ற உணர்வு மிகுந்தவர்களிடம் எதற்கும் திட்டவட்டமான ஒரே விடை வேண்டும் என்ற தேவை மிகுந்திருந்தது. அந்தத் தேவை மிகுந்தவர்களிடம் தீவிரக் கருத்துகள் மிகுந்திருந்தன. தொழிற்பயிற்சியும் கல்வியும் கலையும் கூடிய முழுப் பயிற்சி பெற்றவர்களிடம் அது காலப்போக்கில் தணிந்தது என்றும் எழுதினார்கள். இராணுவக் காவலில் இருப்பவர் தரும் விடையை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி இங்கே பெரியது. ஈழத்தமிழருக்கு நேர்ந்த உண்மையான ஒடுக்குமுறையை ஒரு தனிமனித மனநிலையாகச் சுருக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆனாலும் மனிதனின் மதிப்பு பறிபோகும் இடத்தில்தான் ஐயமற்ற விடைக்கான பசி பிறக்கிறது என்ற கண்டுபிடிப்பை என்னால் ஒதுக்க முடியவில்லை. கோவைக்கு வரும்போது அது இன்னும் தெளிவாகிறது.

கோவையில் முதல் பஞ்சாலை 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் ஆலைகள் பெருகின. ஆலையோடு சங்கமும் வந்தது. ரங்கவிலாஸ் ஆலைப் போராட்டத்தை ஒட்டி, சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமய்யன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னய்யன் என்ற நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். தியாகி மேடையில் இன்றும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. மில் தொழிலாளி என்றால் நிரந்தர வேலை, சிப்டு நேரம், போனஸ், தெருவில் ஒரு மரியாதை. அவருக்குத் தான் யார் என்ற சந்தேகம் இல்லை. சங்கம் அதைத் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது.

1980களிலும் 90களிலும் இது கரைந்தது. பல ஆலைகள் நலிந்தன, சில மூடின. ஓடிய ஆலைகளிலும் நிரந்தரத் தொழிலாளி போன இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி வந்தார். பிறகு சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் தென்மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களைக் கொண்டுவந்து விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் முறை பரவியது. மில்லுக்காரர் வீட்டுப் பையன் ஆட்டோ ஓட்டினான், லேத் பட்டறைக்குப் போனான், கடைவீதியில் எடுபிடி வேலை பார்த்தான். அதே கடைவீதியில், கோட்டைமேட்டிலிருந்தும் உக்கடத்திலிருந்தும் வந்த முஸ்லிம் இளைஞர்கள் நடைபாதையில் துணியும் செருப்பும் விற்றார்கள். ஒப்பணக்காரத் தெருவில் பெரிய கடைக்காரருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் இருந்த உரசல் தொழில் உரசல்தான். அதைப் பேசத் தொழிலின் மொழி தேய்ந்துபோயிருந்தது. மதத்தின் மொழி தயாராக நின்றது.

இந்து முன்னணி 1980இல் தொடங்கியிருந்தது. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எஸ்.ஏ. பாஷா அல்-உம்மா என்ற தீவிர முஸ்லிம் அமைப்பைத் தொடங்கினார். 1997 ஜனவரியில் முஸ்லிம் தலைவர் பழனி பாபா பொள்ளாச்சியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கோட்டைமேட்டு வாசிகள் சொந்த வீட்டுக்குப் போக சோதனைச் சாவடியில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலம் இருந்தது. அந்த வரிசையில் நின்ற பையனின் மனதையும், மூடிய மில்லின் கேட்டுக்கு வெளியே நின்ற தொழிலாளியின் மனதையும் சேர்த்து யோசிக்கிறேன். இருவரின் துன்பமும் ஒரே அளவு என்று சொல்லவில்லை. அரசின் கை யார் தோளில் இருந்தது, யார் கழுத்தில் இருந்தது என்பது வேறுபாடு. ஆனால் இருவருக்கும் மதிப்பு போயிருந்தது, இருவருக்கும் விடை சொல்ல ஆள் காத்திருந்தார்.

1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் காவலர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். அடுத்து வந்த கலவரத்திலும் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பதினோரு வாரம் கழித்து, 1998 பிப்ரவரி 14 மாலை, எல்.கே. அத்வானி ஆர்.எஸ். புரத்தில் பேசவிருந்த நேரத்தில் நகரெங்கும் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கடைக்கு வந்தவர்கள், மருத்துவமனைக்கு வந்தவர்கள், வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள். 2007இல் தனி நீதிமன்றம் 158 பேரைக் குற்றவாளிகள் என்றது; பாஷாவுக்கு ஆயுள் தண்டனை. கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதனி ஒன்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தபின் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். நவம்பர் கொலைகளுக்கு இதைப் போன்ற கணக்குத் தீர்ப்பு வரவில்லை. அந்த ஏற்றத்தாழ்வு ஒரு தலைமுறையின் மனதில் என்ன செய்தது என்பதை உளவியல் அளவுகோல் இல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

மில் மூடியதால்தான் கலவரம் வந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். மதுரையிலும் ஆலைகள் மூடின, அங்கே இது நடக்கவில்லை. ஆனால் அகமதாபாத்தைப் பாருங்கள். 1980களில் அங்கே பஞ்சாலைகள் சரிந்தன. காந்தி முன்னின்று உருவாக்கிய மஜூர் மகாஜன் சங்கம் வலுவிழந்தது. அந்த ஆலைப் பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த யான் பிரேமன், 2002 வன்முறைக்கும் வேலையிழந்த ஆலைக்காரர்களின் சிதைவுக்கும் உள்ள உறவை எழுதினார். இந்துவும் முஸ்லிமும் ஒரே சங்கத்தில், ஒரே வணிக அமைப்பில் உட்கார்ந்து பழகிய ஊர்களில் பதற்றம் கலவரமாக மாறுவது அரிது என்பதை அசுதோஷ் வார்ஷ்னே அதே ஆண்டு ஒரு நூலில் காட்டினார். அகமதாபாத்துக்கு நேர் எதிராக அவர் வைத்தது சூரத்தை. பாதுகாப்பின்மை மட்டும் போதாது. அதை வேறு திசையில் தாங்கிப் பிடித்த அமைப்பும் விழ வேண்டும். கோவையில் இரண்டும் சேர்ந்து நடந்தன.

வதந்தியின் வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். 1934 ஜனவரி 15 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் பாட்னா உளவியலாளர் ஜமுனா பிரசாத் வதந்திகளைத் திரட்டினார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் காணாத பகுதிகளில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் ஓடின. வீடு இடிந்தவர்கள் நடுவே வேலை செய்த துர்கானந்த் சின்ஹா, டார்ஜிலிங் நிலச்சரிவுப் பகுதியில் அப்படிப்பட்ட வதந்திகளைக் காணவில்லை. லியோன் பெஸ்டிங்கர் தன் புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு இந்த இரண்டு இந்திய ஆய்வுகளையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். காரணமில்லாத பயம் மனிதருக்குத் தாங்க முடியாதது. அந்தப் பயத்துக்குத் தகுந்த ஆபத்தை மனம் கற்பித்துக்கொள்கிறது. கோவைக் கடைவீதியில் ஒவ்வொரு பதற்றத்தின்போதும், அவங்க வர்றாங்களாம் என்ற ஒரே வாக்கியத்துக்குக் கடைகளின் ஷட்டர்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

நகரத்தை விட்டு அவிநாசி, பல்லடம், காங்கேயம், திருச்செங்கோடு பக்கம் வந்தால் கதையின் பாத்திரங்கள் மாறுகிறார்கள்.

கிணறும் ஏத்தமும் இருந்த தோட்டம் இங்கே ஒரு குடும்பத்தின் மானம். கிணறு வற்றியது; போர் போட்டார்கள்; ஆயிரம் அடிக்குக் கீழேயும் புகைதான் வந்தது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தை அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் அது தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ தோட்டங்கள் சைட்டுகளாகிவிட்டன. சரிந்த பண்ணையத்தோடு உறவுகளும் மாறின. கோவை வட்டாரக் கிராமங்களை 1981-82 முதல் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சென்று ஆராய்ந்த ஜூடித் ஹேயர், பண்ணையாள் முறை தேய்ந்து, அருந்ததியர் குடும்பங்கள் நில உடைமையாளரின் பிடியிலிருந்து மெல்ல விலகியதைப் பதிவு செய்தார். ரேஷன் அரிசியும் பள்ளிக்கூடமும் பனியன் கம்பெனி வேலையும் அதற்கு உதவின. ஒரு தரப்புக்கு அது விடுதலை. மறுதரப்பில் சிலர் அதையே இழப்பாக எண்ணினார்கள். திருப்பூரை ஆராய்ந்த ஷரத் சாரி, கவுண்டர் சமூகத்து முதலாளிகள் தங்கள் வளர்ச்சிக்கு உழைப்பையே காரணமாகச் சொல்வதைத் தன் நூலின் மையமாக்கினார். உழைத்தால் உயரலாம் என்று ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை, உழைத்தும் உயராத மகனை எங்கே நிறுத்தும்? ஆலை மூடினால் தொழிலாளி முதலாளியைத் திட்டலாம். தன் உழைப்பே தன் அடையாளம் என்றிருப்பவர் யாரைத் திட்டுவார்? 2011 ஜனவரியில் நொய்யல் மாசு காரணமாக உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும், மின்வெட்டு ஆண்டுகளிலும், 2016 பணமதிப்பு நீக்கத்திலும், 2017 ஜி.எஸ்.டி.யிலும், ஜாப் ஒர்க் செய்து பிழைத்த சிறு பட்டறைக்காரர்கள் அந்தக் கேள்வியோடுதான் இரவில் படுத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணம். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள், நாமக்கல்லில் 889. மாநில அளவு 942. கணக்கில் குறைந்தவர்கள் பிறக்கவிடாத பெண்கள். அந்தத் தலைமுறைப் பையன்கள் இன்று பெண் தேடுகிறார்கள். இருக்கும் பெண்களோ படித்துவிட்டார்கள். தோட்டத்தில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுக்கப் பெற்றோருக்கே மனம் இல்லை. முப்பத்தைந்து வயதில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தரகர் வீட்டுக்கு நடப்பவரின் அவமானத்தை ஊரில் எவரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுத்து வருகிறார்கள். அதைச் சாதி கண்டுகொள்வதில்லை. ஆனால் சொந்தச் சாதிப் பெண் ஒருத்தி தலித் இளைஞனோடு பேசினாலே ஊர் இடிந்துவிடும் என்கிறார்கள்.

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னுடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குச் சென்றார். மறுநாள் அவர் உடல் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தீரன் சின்னமலை கவுண்டர் பேரவைத் தலைவர் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. நீதி அந்த அளவில் நின்றது நல்லது. ஆனால் தலைமறைவாக இருந்தபோதே யுவராஜின் ஒலிப்பதிவுகள் கைபேசிகளில் சுற்றின, அவர் நாயகனாக்கப்பட்டார் என்பதை மறந்துவிடக் கூடாது. அதைக் கேட்டு மகிழ்ந்த எத்தனை பேருக்குக் கொலை செய்யும் எண்ணம் இருந்திருக்கும்? அநேகமாக ஒருவருக்கும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது, நாம் இன்னும் ஆட்கள்தான் என்று யாராவது உறுதியாகச் சொல்வது. சாதியின் கௌரவம் பெண்ணின் உடலில் இருக்கிறது என்ற மிகப் பழைய பொய், அந்தத் தேவைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

இப்போது ‘மாதொருபாகன்’ நான்கு ஆண்டு கழித்து ஏன் சுட்டது என்று மறுபடி கேட்கலாம். அது குழந்தையில்லாத ஒரு தம்பதியை ஊரும் உறவும் குத்திக் குதறுவதைச் சொல்லும் நாவல். வாரிசு, ஆண்மை, கோயில், சாதித் தூய்மை, எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும் கதை. வாரிசைப் பற்றிய அச்சம் வீட்டுக்கு வீடு ஓசையின்றிப் பரவியிருந்த வட்டாரத்தில், அமைப்புகள் வலுத்திருந்த வேளையில் அந்தப் பக்கங்கள் கையில் திணிக்கப்பட்டன. இது என் வாசிப்பு, நிரூபணம் அல்ல. ஆனால் நூலைப் படிக்காமலே அவ்வளவு பேர் புண்பட்டதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

இதே மண்ணில் இதற்கு நேர் எதிரான வரலாறும் நடந்திருக்கிறது. 1970இல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் உயர்ந்தது. கோவை மாவட்டத்து உழவர்கள் நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்டார்கள். ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று உழவர்கள் இறந்தார்கள். 1972இல் கோவை நகரச் சாலைகளில் கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், நகரம் அசையவில்லை. கிணறு அப்போதும் வற்றிக்கொண்டுதான் இருந்தது, கடன் அப்போதும் இருந்தது, நாளை என்ன ஆகும் என்ற அச்சமும் இருந்தது. உறுதியும் கடுமையாகத்தான் இருந்தது, உயிரைக் கொடுக்கும் அளவுக்கு. வித்தியாசம் ஒன்றுதான்: வலி எங்கே இருந்ததோ அங்கேயே கோபமும் நின்றது. மின்கட்டணம், கடன், விளைபொருள் விலை. பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்துத் தெருக்காரர் அல்ல, அரசு. பல ஆண்டுகள் கழித்து இலவச மின்சாரமாக அதற்குப் பதில் கிடைத்தது. அந்தச் சங்கத்தில் நிலமற்ற அருந்ததியருக்கு இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர்கள் கூலி பற்றிய கேள்வி அந்த மேடைகளில் ஏறவில்லை. பின்னால் வந்த பகைக்கு அந்த மௌனமும் ஓரளவு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே அச்சமும் தடுமாற்றமும் மனிதரைத் தீவிரமாக்குகின்றன என்பது பாதி உண்மை. அந்தத் தீவிரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை, அந்த மனிதர் தடுமாறி நிற்கும் நேரத்தில் யார் வந்து பேசுகிறார் என்பது முடிவு செய்கிறது. நான் இவ்வளவு விளக்குவது குற்றத்தை மன்னிக்க அல்ல. ஒப்பணக்காரத் தெருவில் கடையை எரித்தவரும், கூட்டத்தில் குண்டு வைத்தவரும், இளைஞனைத் தண்டவாளத்தில் போட்டவரும் தேர்ந்தெடுத்தே செய்தார்கள். அதே தெருவில், அதே இழப்போடு, அப்படித் தேர்ந்தெடுக்காதவர்களே மிகப் பெரும்பாலோர்.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள் அதிகாலை, கோவை கோட்டை ஈசுவரன் கோயில் அருகே ஒரு கார் வெடித்தது; ஓட்டிவந்த இளைஞர் அதிலேயே இறந்தார். இடம் உக்கடம் பகுதி, பின்னணியில் 1998இன் நினைவு. நகரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இம்முறை தெரு எரியவில்லை. காவல்துறை விரைந்து கைது செய்தது, வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது, ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கோயிலுக்கே சென்று குருக்களைச் சந்தித்துப் பேசினார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் திருப்பூரில் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவியபோதும் அதே போன்ற ஒரு காரியம் நடந்தது. ஆட்சியரும் காவல்துறையும் இந்தியில் அறிவிப்பு வெளியிட்டார்கள், உதவி எண்களைத் தந்தார்கள், கம்பெனிகளுக்கே போய்த் தொழிலாளர்களோடு பேசினார்கள். பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துத் திரும்பியது. பயந்தவரைப் பார்த்து நீ பயந்தாங்கொள்ளி என்று எவரும் சொல்லவில்லை. அவர் பயந்தது எதற்கோ அதற்குப் பதில் சொன்னார்கள். ஆய்வகத்திலும் இதற்கு ஒரு சாயல் உண்டு: தான் மதிக்கும் ஒன்றைப் பற்றி எழுதித் தன் நிலையை மீட்டுக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தவரிடம் அந்த இறுக்கம் தளர்ந்திருந்தது.

2020 மார்ச் பொதுமுடக்கத்தோடு நின்றுபோன பங்கஜா, கம்போடியா, முருகன் போன்ற தேசியப் பஞ்சாலைக் கழக (என்.டி.சி.) ஆலைகளின் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் முடிவு தெரியாமல் காத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி திருப்பூர் ஆர்டர்களைத் தாக்கியது. தோட்டத்துப் பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. இவற்றைப் பேச இன்று இந்த வட்டாரத்தில் யார் அந்த வீடுகளுக்குப் போகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். ஆலைக்காரரிடம் சங்கத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பேர் போகிறார்கள். பட்டறைக்காரர்களிடம் தொழில் அமைப்புகள் போகின்றன. கல்யாணமாகாத தோட்டக்காரரிடம் போவது பெரும்பாலும் சாதிச் சங்கம் மட்டும்தான். வரன் பார்க்கும் கூட்டத்துக்கு மண்டபம் பிடிப்பதும் ஜாதகம் திரட்டுவதும் அதுதான். அதே மண்டபத்தில் மைக் பிடித்து, நம்ம பொண்ணுகளை யார் கொண்டுபோகிறார்கள் தெரியுமா என்று கேட்பதும் அதுதான். வேளாண் துறையோ பல்கலைக்கழகமோ எந்தக் கட்சியின் உழவர் அணியோ அந்த மனிதரின் பிரச்சினையைத் தங்கள் வேலையாகக் கருதியதில்லை.